நகத்தைக் குளிர வைக்கிற அக்கா

சங்ககிரியில் அவருடைய பார்லருக்கு முதல் தடவை போகிற பெண்கள், நாற்காலியில் உட்கார்ந்த சற்று நேரத்திலேயே விழிப்பார்கள். என்ன நிறம், எவ்வளவு நீளம் என்று கேட்பார் என எதிர்பார்த்துக் கையை நீட்டுவார்கள். அவர் கையை வாங்கி, ஒவ்வொரு நகமாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு வேறொன்றைக் கேட்பார்.

“எப்பங்க கழட்டறது?”

“இன்னும் வெக்கவே இல்லீங்களே அக்கா!”

“வெக்கறது கெடக்குதுங்க. அது ஒண்ணரை மணி நேர வேலை. கழட்டறதுக்கு எப்ப வருவீங்க, மொதல்ல அதச் சொல்லுங்க.”

தேதி சொல்லாதவர்களுக்கு வைக்க மாட்டார். “அப்பறம் பாத்துக்கலாம்” என்று சொன்ன ஒரு பேங்க்கில் வேலை பார்க்கிற பெண்ணுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார வைத்து, அப்படியே அனுப்பிவிட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் நகத்துக்கார அக்கா. அவரைக் கேட்காமல் எழுதுகிறேன், அதனால் நானும் பேரை விட்டுவிடுகிறேன். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும் அப்போது. லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை ஒன்றின் மாடியில் ஒரே ஓர் அறை. கீழே நாள் முழுக்கத் தகரத்தில் சுத்தியல் விழுந்துகொண்டிருக்கும். அடி பலமாக விழுகிறபோது அவர் தூரிகையை நகத்திலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். “கீழ அவங்க பாடி கட்டறாங்க, மேல நான் நகம் கட்டறேன். ரெண்டு பேருக்கும் பெயிண்டு வாசந்தான்” என்பார்.

நான் அந்தப் படியில் ஏறியது சரக்கு போடுகிறவனாக. சேலத்தில் அழகுப்பொருள் மொத்த வியாபாரி ஒருவரிடம் விற்பனை வேலை. வண்டியின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம், நாமகிரிப்பேட்டை என்று வாரம் ஒரு சுற்று. படித்தது வேதியியல். அப்பா லாரியில் கிளீனராக இருந்து டிரைவரானவர். அம்மா புதுச்சத்திரத்துப் பக்கம் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் சீவுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். வீட்டுக்குள் வருகிற காகிதம் எதுவானாலும், கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் முதல் மாத்திரை அட்டை வரைக்கும், என் கைக்கு வந்துதான் மேலே போகும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப் போவதற்கு இது வேண்டும்.

பில்டர் ஜெல் என்பது தேனைப் போலக் கெட்டியான ஒரு திரவம். நகத்தின்மேல் தடவி, ஊதா வெளிச்சம் வருகிற சின்னப் பெட்டிக்குள் கையை ஒரு நிமிடம் வைத்தால் கல்லாக இறுகிவிடும். உடைந்த நகமும் நீளமாக, உறுதியாகத் தெரியும். வைப்பதை யார் வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பது அக்காவின் எண்ணம். அவர் வைப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். முதலில் ஒரு மெல்லிய பூச்சு. அதன்மேல் ஒரு சொட்டு. பிறகு வாடிக்கையாளரின் கையை அப்படியே கவிழ்த்துப் பிடித்துக்கொள்வார், சொட்டு தானாக நடுவில் கூடித் திரளட்டும் என்று. தோலை எங்கேயும் தொடாமல் மயிரிழை இடம் விட்டிருப்பார். தோலில் பட்டு இறுகினால் அந்த ஓரம்தான் முதலில் தூக்கும், தூக்கிய ஓரத்தைப் பார்த்தால் பிய்க்கத் தோன்றும். “வெளக்குல சுட்டுதுன்னா பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க. கைய வெளிய இழுத்துட்டு மறுபடி வெய்யுங்க. சாமிக்குத் தீ மிதிக்கறாப்பல பொறுத்துக்க வேண்டியதில்ல” என்று எல்லோரிடமும் சொல்வார்.

கழற்றுவதுதான் அவருக்கு உண்மையான வேலை. மேல் மினுமினுப்பை அரத்தால் தேய்ப்பார். நகத்தைச் சுற்றியுள்ள தோலில் தேங்காய் எண்ணெய் தடவுவார். பஞ்சை, ஜெல்லை இளக்குகிற அசிட்டோனில் நனைத்து நகத்தின்மேல் வைத்து, அலுமினியத் தாளில் பத்து விரலையும் பொட்டலம் கட்டுவார். கால் மணி நேரம். பிறகு ஒரு விரலை மட்டும் திறந்து மரக்குச்சியால் தொட்டுப் பார்ப்பார். மெழுகு மாதிரி தானாக வழுகி வந்தால் சரி. கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கட்டிவிடுவார்.

“ஒரு நெம்பு நெம்புனா வந்துருமுங்க்கா,” என்று அவசரப்படுவார்கள்.

“வருமுங்க. உங்க நகமும் சேந்து வரும்.”

இந்தக் ‘கழட்டறது’ என்ற சொல்லால் ஒருமுறை சண்டை வந்தது. நான் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். நாமகிரிப்பேட்டையிலிருந்து மஞ்சள் மண்டிக்காரர் வீட்டம்மா ஒருவர் தன் மகளைக் கூட்டி வந்திருந்தார். அடுத்த வாரம் கல்யாணம். அக்கா வழக்கம்போல, “எப்பங்க கழட்டறது?” என்று கேட்டுவிட்டார். அந்தம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“ஏனுங்க, கல்யாணப் புள்ளைக்கு வெக்க வந்தா எப்பக் கழட்டறதுன்னா கேப்பீங்க? வாய்ல நல்ல வார்த்தையே வராதுங்களா? கழுத்துல ஒண்ணு ஏறப் போற நேரத்துல?”

மகள், “அம்மா, நகத்தைச் சொல்றாங்கம்மா” என்று அவர் சேலையைப் பிடித்து இழுத்தாள். அக்கா நிதானமாகக் கேட்டார்.

“உங்க ஊட்டுல சாமி வெளக்க அணைக்கோணும்னா என்னங்க சொல்லுவீங்க?”

“அணைக்கறதுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? குளிர வெக்கறதுன்னு சொல்லுவோம்.”

“அப்பச் செரிங்க. அம்மிணிக்கு நகத்த எப்பங்க குளிர வெக்கலாம்?”

அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுவீட்டு விருந்து எல்லாம் முடிந்து, இருபதாம் நாள் என்று தேதியும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த மாடியில் ‘கழட்டறது’ கிடையாது. ஒரு மாதத்தில் வாடிக்கைக்காரர்களே போனில், “அக்கா, குளிர வெச்சுக்க எப்ப வரட்டும்?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அசிட்டோன் பஞ்சு விரலில் பட்டதும் உண்மையாகவே சில்லென்று இருக்கும், அதனால் யாருக்கும் அந்தச் சொல் விநோதமாகப் படவில்லை.

அவர் கேட்பதற்கு முன்னால் தாமாகவே கழற்றுகிற நாளைச் சொன்னவர், எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர். சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் குடும்பத்துப் பெண். “அக்கா, நிக்காஹ் வீட்டுல இந்த நாலு நாளைக்குத்தான். அஞ்சாம் நாள் காலைல எடுத்துடணும். தொழுகைக்குக் கை கழுவுறப்ப நகத்துல தண்ணி படணும்” என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “பாத்தீங்களா தம்பி, நகத்துக்குத் தண்ணி படோணும்னு நெனைக்கறவங்க இருக்கறாங்க” என்றார். அந்த வாரம் முழுக்க வந்தவர்களிடம் எல்லாம் இதைச் சொன்னார்.

பிய்ப்பது அவருக்கு ஆகாது. எதையுமே. நான் கொண்டுபோகும் அட்டைப் பெட்டியின் ஒட்டுநாடாவைச் சர்ரென்று இழுத்தால் முகம் சுளிப்பார். பிளேடை எடுத்துக் கோடு போட்டுத்தான் திறப்பார். புது எவர்சில்வர் டம்ளரில் ஒட்டியிருந்த சீட்டின்மேல் எண்ணெய் தடவிவிட்டு, அது ஊறி வரும்வரை மூன்று நாள் அந்த டம்ளரில் தண்ணீர் குடிக்காமல் இருந்தார். பெண்கள் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போகும் ஸ்டிக்கர் பொட்டைக்கூட ஈரத் துணியை ஒற்றி வைத்துத்தான் எடுப்பார். எனக்கு அந்த வயதில் எதற்கும் ஒரு தத்துவம் வேண்டியிருந்தது. “வாழ்க்கையிலயும் அப்படித்தானுங்க்கா, ஒட்டினதை எல்லாம் பொறுமையாத்தான்...” என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நான் டம்ளரைப் பத்திப் பேசறேனுங்க தம்பி.”

அவருடைய சொந்த நகங்கள் ஒட்ட வெட்டியவை. பூச்சு எதுவும் இருக்காது. வலது கட்டைவிரல் நகத்தில் மட்டும் நடுவே ஒரு பள்ளம், மேலிருந்து கீழே கோடு இழுத்த மாதிரி. கேட்கக் கூடாது என்று பல மாதம் நினைத்திருந்து, ஒரு நாள் கேட்டுவிட்டேன். பெங்களூரில் தொழில் கற்றுக்கொண்டபோது, கற்றுக்கொடுத்தவர் இவர் விரலிலேயே வைத்துக் காட்டியிருக்கிறார். கழற்றும்போது சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதாம். இரும்புக் குச்சியை வேர் வரைக்கும் விட்டு நெம்பி எடுத்திருக்கிறார்.

“நகம் வளந்துருங்களே அக்கா?”

“வளந்துக்கிட்டேதான் இருக்குது. இப்பிடியே.” விரலைத் திருப்பி அவரே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “வேர்ல அடி பட்டுருச்சுன்னா அவ்வளவுதானுங்க. பத்து வருசமா புதுசு புதுசா இந்தக் கோடுதான் வருது.”

பிய்த்துக்கொண்டு வருகிறவர்களை அவர் திட்டியதில்லை. ஒரு லாரி முதலாளியின் மனைவி ஒருநாள் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வந்தார்.

“டிவி பாத்துக்கிட்டே ஒண்ணொண்ணா எடுத்துப்போட்டேனுங்க. தானா வந்துருச்சு.”

“தானா வரலீங்க. உங்க நகத்துல பாதியக் கூட்டிக்கிட்டு வந்துருக்குது.”

வெங்காயத் தோல் மாதிரி உரிந்து, அழுத்தினால் வளைகிற நகங்கள். சுடுதண்ணீர் பட்டால் எரிகிறது என்றார். அதன்மேல் புதிதாக வைத்து மறைத்துவிடச் சொன்னார். அக்கா ஒரு சின்னக் குப்பி எண்ணெயை எடுத்துக் கொடுத்து, மூன்று மாதம் சும்மா விடச் சொன்னார்.

“அதுக்குள்ள மச்சினன் ஊட்டு சீரு வருதுங்க! ஒறம்பரை சனமெல்லாம் கையத்தான் பாப்பாங்க.”

“பாத்துட்டுப் போகட்டும். நீங்க வெறுங் கையோட போங்க.”

அவர் கோபித்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு கடைக்குப் போனார். இரண்டு மாதம் கழித்து, இன்னும் மோசமான விரல்களோடு திரும்பி வந்தார். அக்கா எண்ணெய்க் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

எனக்கும் அவருக்கும் இடையே ஒரு வழக்கம் இருந்தது. அவர் எட்டாவது வரைதான். தமிழ் நன்றாகப் படிப்பார், ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான். புதுக் குப்பி எதைக் கொண்டுபோனாலும், “தம்பி, பின்னால என்ன போட்டிருக்குது, படிங்க” என்பார். நான் அந்தப் பொடி எழுத்தை வரிவரியாகப் படித்து அர்த்தம் சொல்வேன். கேட்டு முடித்ததும் ஒரே கேள்வி: “ஊறுமா?” ஏனென்றால் பில்டர் ஜெல்லில் இரண்டு வகை. ஒன்று அசிட்டோனில் ஊறி வழுகும். இன்னொன்று எவ்வளவு ஊறவைத்தாலும் அசையாது, அரத்தால் தேய்த்தேதான் தீர்க்க வேண்டும். இரண்டாவதை அவர் வாங்கவே மாட்டார்.

அந்த ஆவணியில் எங்கள் மாமா மகள் கல்யாணம். என் தங்கை நர்சிங் முடித்திருந்தாள். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலையும் கிடைத்திருந்தது. மூன்று வாரத்தில் சேர வேண்டும். நர்ஸ்களுக்கு நகத்தில் எதுவும் இருக்கக் கூடாது, முதல் நாளே பார்ப்பார்கள் என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தது. “இனிமே எப்பண்ணா வெக்கப் போறேன், இந்த ஒரு கல்யாணத்துக்கு மட்டும்” என்றாள். நான்தான் அவளை அக்காவிடம் கூட்டிப் போனேன். அன்றைக்கு என் பெட்டியில் கம்பெனி புதிதாக அனுப்பிய ஒரு ஜெல் இருந்தது. பளபளவென்று இருக்கும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். தங்கைக்கு அதையே வைக்கலாம் என்று எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா முதலில் அவளிடம் கேட்டார். அவள் நாளைச் சொன்னாள், காரணமும் சொன்னாள். பிறகு குப்பியை என் பக்கம் நீட்டினார்.

“படிங்க தம்பி.”

முகூர்த்த மாதம். எனக்கு ராசிபுரத்தில் இன்னும் நான்கு கடை பாக்கி இருந்தது.

“எல்லாம் அதேதானுங்க்கா. பேருதான் மாத்தியிருக்கறாங்க.”

“ஊறுமா?”

“ஊறுமுங்க.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். திருப்பிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

கல்யாணத்தில் எல்லோரும் தங்கையின் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். அம்மாகூட, மரவள்ளிப் பால் பட்டுக் கறுத்துப்போன தன் விரலால் அந்த நகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். சனிக்கிழமை மதியம் குளிர வைத்துக்கொள்ளப் போனோம்.

முதல் கால் மணி நேரம் ஆயிற்று. அக்கா ஆட்காட்டி விரலைத் திறந்து குச்சியால் தொட்டார். அப்படியே இருந்தது. “சில பேருக்கு நேரமாகுமுங்க” என்று இன்னொரு தடவை கட்டினார். இரண்டாம் தடவையும் குச்சி கண்ணாடியில் பட்ட மாதிரி டக்கென்று சத்தம் போட்டது. அவர் மூன்றாம் தடவைக்குப் பஞ்சு நனைத்துக்கொண்டிருந்தபோது, மேசை ஓரத்தில் இருந்த அந்தக் குப்பியை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம், அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வரி. ஊறாது என்றும், அரத்தால் தேய்த்து மட்டுமே நீக்க வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் தெளிவாகப் போட்டிருந்தது.

நான் குப்பியைப் பழையபடி திருப்பி வைத்தேன். பிறகு, “கம்பெனிக்குப் புகார் அனுப்பறதுக்கு வேணுமுங்க்கா” என்று சொல்லிவிட்டு எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அக்கா மூன்றாவது முறையாகப் பத்து விரலையும் கட்டினார்.

திறந்தபோது தங்கையின் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. நகம் அப்படியே மின்னியது.

“இது ஊறாத சாதிங்க,” என்றார் அக்கா. அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

தங்கைக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோலின் முனையைச் சுண்டுவிரல் நகத்துக்கு அடியில் செருகிவிட்டாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“உடு அம்மிணி. உடு. நான் இருக்கறேன்ல?”

கையாலேயே தேய்க்க ஆரம்பித்தார். மெஷின் வைத்திருந்தார், ஆனால் எடுக்கவில்லை. நகம் தொடங்குகிற இடம் மெஷினுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும் என்றார். பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை தூசியைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். கீழே பட்டறையில் சுத்தியல் ஓய்ந்து, வேலையாட்கள் கை கழுவிக்கொண்டு கிளம்பியபோது பத்தாவது விரல் முடிந்தது. மினுமினுப்பு இல்லை, நீளம் இல்லை. ஆனால் நகத்தின்மேல் மங்கலாக, காகிதம் போல ஒரு படலம் மட்டும் இருந்தது.

“இன்னுங் கொஞ்சந்தானுங்க்கா. இதையும் எடுத்துருங்க.”

“இதுக்குக் கீழ உன்ற நகம் அம்மிணி. அத நான் தொடமாட்டேன். இது தானா வளந்து நுனிக்கு வரும், வெட்டிக்கிட்டே வரலாம்.”

“திங்கக்கிழமை என்னைச் சேத்துக்க மாட்டாங்க!”

“நான் வாரேன் உங்கூட.”

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வந்தார். எங்களோடு சேலத்துக்குப் பேருந்தில் வந்து, மேட்ரன் அறைக்குள்ளும் வந்தார். மேட்ரன் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். தங்கையின் விரலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“என்னாம்மா இது? இன்னும் ஏதோ ஒட்டினு இருக்குது. போய் சுத்தமா சுரண்டிட்டு வா, அப்புறம் சேந்துக்கலாம்.”

“இதுக்கு மேல சுரண்டக் கூடாதுங்க மேடம்,” என்றார் அக்கா.

“நீ யாரும்மா?”

“நகம் வெச்சவளுங்க. இதையும் எடுத்தா நகம் தாளாட்டம் ஆயிருமுங்க. நீங்க ஒரு நாளைக்கு நாப்பது தடவ கைக்கு மருந்து போடச் சொல்லுவீங்க. எரியும், வெடிக்கும். புண்ணு புடிச்ச கையோட வார்டுக்குள்ள உடுவீங்களா?”

மேட்ரன் பேனாவை மூடி வைத்தார். யார் தப்பு இது என்று கேட்டார்.

“என்ற தப்புங்க. அம்மிணி வேலைக்குச் சேரோணும்னு மொதல்லயே சொல்லிப்போட்டா. ஊறும்னு நெனச்சு நான்தான் சோதிக்காம வெச்சுப்போட்டேன்.”

நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பையில் அந்தக் குப்பி இருந்தது.

தங்கையைச் சேர்த்துக்கொண்டார்கள். நகம் சுத்தமாகும்வரை வார்டு கிடையாது, புறநோயாளிச் சீட்டு எழுதுகிற இடத்தில் இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை விரலைக் காட்ட வேண்டும். மேட்ரன் ஒரு நோட்டை இழுத்து, பார்லரின் தவறால் என்று காரணம் எழுதினார். கடை எங்கே என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார். “நம்ம பொண்ணுங்க யாரும் அந்தக் கடைக்குப் போவக் கூடாதுன்னு போர்டுல ஒட்டிடறேன்” என்றார். சங்ககிரியிலிருந்து தினமும் அங்கே வேலைக்கு வருகிற பெண்களில் பலர் அக்காவிடம் வருகிறவர்கள். அக்கா, “செரிங்க” என்று மட்டும் சொன்னார்.

திரும்புகிற பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவர் ஜன்னல் ஓரம். கொஞ்ச தூரம் போனதும் என்னால் முடியவில்லை.

“என் பேரச் சொல்லியிருக்கலாமேங்க்கா.”

“உங்களுக்கென்னங்க தெரியும்? கம்பெனிக்காரன் போடாம உட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?”

அப்போதுதான் புரிந்தது. குப்பியில் எதுவும் எழுதவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் படித்துவிட்டுத்தான் ஊறும் என்று சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

“போட்டிருந்ததுங்க்கா. நான் படிக்கல.”

அவர் திரும்பினார்.

“பின்ன எப்பங்க படிச்சீங்க?”

“சனிக்கெழமை.”

“சனிக்கெழமை எப்ப?”

“மூணாவது தடவ... நீங்க பஞ்சு நனைக்கறப்ப.”

“மூணாவது தடவ கட்டறப்பத் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியுமுங்க.”

அவர் கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். நான் பேசியதைக் கேட்காதவர் மாதிரி தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டார். சங்ககிரி வந்ததும் எழுந்தார். படியில் இறங்கும்போது, என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாத குரலில், “அந்தப் புள்ள வெரலு எப்பிடிச் சுருங்கிப் போச்சு” என்றார்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போகவில்லை. மருத்துவமனைக்குப் போனேன். தங்கை சீட்டு எழுதுகிற ஜன்னலில் இருந்தாள், கூட்டம் நின்றது. அவளிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நேராக மேட்ரன் அறைக்குப் போய்க் குப்பியை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இரண்டு வரியைப் படித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“படிச்சிருக்கியா?”

“பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிங்க.”

அவர் நோட்டைத் திறந்து, நேற்று எழுதியதற்குக் கீழே காலியாக இருந்த இடத்தைக் காட்டி, பேனாவைக் கொடுத்தார். குப்பியின் பின்னால் எழுதியிருந்ததை நான் படிக்காமல், படித்ததாக நம்பவைத்தேன், பார்லர் நடத்துகிறவர்மேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்காக எழுதியது அந்த இரண்டு வரிதான். மேட்ரன் எழுந்து போய், அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்த தாளின் ஊசியை எடுத்தார்.

வெளியே வந்து சங்ககிரிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்ப நேரம் இருந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். கீழே சுத்தியல் சத்தம் கேட்டது.

“அக்கா, எல்லாத்தையும் சொல்லிப்போட்டேனுங்க. எழுதியும் குடுத்துட்டேன். போர்டுல இருந்து எடுத்துட்டாங்க.”

“செரிங்க.”

இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சுத்தியல் நான்கைந்து அடி விழுந்து ஓய்ந்தது.

“அம்மிணி கையப் பாத்தீங்களா? சுண்டுவெரல்ல கத்தரிக்கோல உட்டாளே, அந்த ஓரம் தூக்கியிருக்குதா? பிச்சுக்கிட்டு இருக்கறாளா?”

“பாக்கலீங்க்கா. அவகிட்ட இன்னும் பேசல. கூட்டமா இருந்துச்சு.”

“பின்ன என்னத்துக்குங்க அத்தனை தூரம் போனீங்க?”

ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். நான் போனைக் காதில் வைத்தபடியே, நின்றுகொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.